மொனேயின் வலக்கண்: கண்புரை எடுத்தபின் ஓவியத்துக்குத் திரும்பிய இரண்டரை ஆண்டுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 81. தொழில் ஓவியம். இரண்டு கண்ணிலும் புரை. வலக்கண்ணில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிகிறது. இடக்கண்ணில் பத்தில் ஒரு பங்கு பார்வை. 1922 செப்டம்பரில் பாரிஸில் கண் மருத்துவர் ஷார்ல் குத்தேலா பரிசோதித்தபோது இருந்த நிலைமை இது. நோயாளியின் பெயர் க்ளோத் மொனே, பிரெஞ்சு ஓவியர்.

கண்ணுக்குப் பவர் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். புரை எடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் என் முன்னால் அதிகம் உட்காருகிறவர்கள். மொனேயின் கதையை ஓவிய ரசிகர்கள் சொல்லக் கேட்டால் நாலே வரியில் முடிந்துவிடும்: புரை வந்தது, வண்ணங்கள் சிவந்தன, ஆபரேஷன் செய்தார், சரியாகிவிட்டது. ஆபரேஷன் நடந்தது 1923 ஜனவரியில். சரியாகிவிட்டது என்று அவர் வாயாலேயே சொன்னது 1925 கோடையில். இடையில் கிடக்கிற இரண்டரை வருஷத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் அதைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

முன்கதை

1840இல் பிறந்த மொனே 1908இல் வெனிஸுக்குப் போய் வரைந்தார். பார்வை முன்போல் இல்லை என்ற உணர்வு அவருக்கு அந்தக் காலத்திலிருந்தே இருந்தது. 1911இல் மனைவி ஆலிஸ் இறந்தார். 1912இல் ஒருநாள் வேலைக்கு உட்கார்ந்தபோது வலக்கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை என்று பதறிப்போய் மருத்துவர்களிடம் ஓடினார். இரு கண்ணிலும் புரை என்றார்கள், வலக்கண்ணில் அதிகம் என்றார்கள், எடுத்துவிடலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். அதன்பின் பத்து வருஷம் மறுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தோமியே என்ற ஓவியருக்குச் செய்த கண் அறுவை பலன் தரவில்லை என்பது ஓவியர்கள் வட்டத்தில் தெரிந்த செய்தி. பின்னாளில் மொனேயின் தோழமை ஓவியர் மேரி கஸ்ஸாட்டுக்கும் அப்படியே ஆனது. பார்வை போனதில் அவர் வரைவதையே விட வேண்டியிருந்தது. கண்ணால் பிழைக்கிறவனுக்குக் கத்தி என்றால் எப்படி இருக்கும்? மங்கலாகவேனும் தெரிகிற கண், தெரியாமலே போய்விடக்கூடிய கண்ணைவிட மேல்.

1914இல் மகன் ஜான் இறந்தார். ஜானின் மனைவி ப்ளான்ஷ், ஆலிஸுக்கு முதல் மணத்தில் பிறந்த மகளும்கூட. அவர் ஜிவர்னி வீட்டுக்கே வந்து மாமனாரைப் பார்த்துக்கொண்டார். அவரும் ஓவியர். அதே காலத்தில்தான் மொனே தன் வாழ்வின் பெரிய வேலையைத் தொடங்கினார். தன் தோட்டத்து அல்லிக்குளத்தை 2 மீட்டர் உயரமும் 4 மீட்டருக்கு மேல் அகலமும் உள்ள கான்வாஸ்களில் வரைவது என்று முடிவெடுத்து, அதற்கென்றே தோட்டத்தில் ஒரு பெரிய கூடம் கட்டிக்கொண்டார். முதல் உலகப் போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, இரண்டு படங்களை நாட்டுக்குத் தருவதாக நண்பரும் பிரதமருமான க்ளெமான்சோவுக்கு எழுதினார். இரண்டு படம் என்று ஆரம்பித்த அந்தப் பேச்சு 1922 ஏப்ரலில் முழு வரிசையையும் கொடுக்கும் ஒப்பந்தமாக வளர்ந்து கையெழுத்தானது. அப்போது வரைகிறவரின் ஒரு கண் ஏறக்குறைய போய்விட்டிருந்தது.

புரை வண்ணத்தை என்ன செய்கிறது

மொனேவுக்கு வந்தது கண் லென்ஸின் நடுக்கரு பழுத்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும் வகை. பழைய ஓவியத்தின் மேல் பூசிய வார்னிஷ் வருஷக்கணக்கில் பழுத்து, வானத்தின் நீலத்தைப் பச்சையாகவும் வெள்ளையைத் தேன் நிறமாகவும் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்த வார்னிஷ் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஊதாவும் நீலமும் முதலில் அடைபடும். சிவப்பும் மஞ்சளும் உள்ளே வரும். மங்கலும் சேர்ந்துகொள்ளும்.

இதில் பொல்லாத விஷயம், நோயாளிக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை என்பதுதான். மாற்றம் மெல்ல மெல்ல வருவதால் மூளை ஒவ்வொரு கட்டத்திலும் வெள்ளையை வெள்ளை என்றே திருத்திக்கொள்கிறது. ஓவியருக்குக் குழப்பம் வேறு இடத்தில் தெரியும். தட்டில் எடுத்த சிவப்பு சேறாகத் தெரியும். வரைந்ததை மறுநாள் பார்த்தால் தான் நினைத்ததல்ல அது என்று தோன்றும். மொனே ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னதும் இதைத்தான்: வண்ணங்களின் வேகம் குறைந்துவிட்டது, சிவப்பு கலங்கலாக இருக்கிறது, வண்ணக் குழாயில் ஒட்டியிருக்கிற பெயரையும் தட்டில் வண்ணங்களை அடுக்கும் பழக்கத்தையும் நம்பித்தான் வேலை செய்கிறேன். வெயில் கூசாமல் இருக்க அகலமான ஓலைத்தொப்பி போட்டுக்கொண்டார். தோட்டத்துப் பாலத்தை அவர் 1918க்குப் பிறகு வரைந்த படங்களில் பாலம் எது, செடி எது என்று பிரித்தெடுப்பதே கஷ்டம். செங்கல் நிறமும் கரும்பச்சையும் முறுக்கிக்கொண்டு கிடக்கும்.

புரையால்தான் அந்தப் படங்கள் அப்படி என்று முழுக்கச் சொல்லிவிடவும் கூடாது. வடிவத்தைக் கரைத்து வெளிச்சத்தை நிறுத்துவது அவர் வாலிபத்திலிருந்தே செய்துவந்த வேலை. ஆனால் இந்த அளவு சிவப்பு அவர் விரும்பி எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கண் மருத்துவர் மைக்கேல் மார்மர் 2006இல், மொனேயின் புரை வழியாகக் குளமும் பாலமும் எப்படித் தெரிந்திருக்கும் என்று கணினியில் செய்து காட்டினார். அந்தப் படங்களைப் பார்த்தால் எவ்வளவு சொற்ப வண்ணத் தகவலை வைத்துக்கொண்டு அந்தக் கிழவர் வேலை செய்தார் என்பது நெஞ்சில் அடிக்கும்.

அறுவை

1922 செப்டம்பரில் குத்தேலா உடனே கத்தியை எடுக்கவில்லை. இடக்கண்ணில் பாவையை, அதாவது கருவிழியின் நடுத்துளையை, விரிக்கும் சொட்டுமருந்து போட்டார். நடுவில் மட்டும் அடைத்திருக்கிற லென்ஸில் பாவை விரிந்தால் ஓரத்து வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் நுழையும். மொனே சில நாள் குதூகலமாக இருந்தார். அது நிற்கவில்லை. கடைசியில் வலக்கண்ணுக்குச் சம்மதித்தார். மோசமான கண்ணை முதலில் எடுப்பது சரியான முடிவு. பிசகினாலும் வரைகிற கண் மிஞ்சும்.

பாரிஸை ஒட்டிய ந்யூயியில் உள்ள மருத்துவமனையில் இரண்டு கட்டமாக அறுவை நடந்தது. 1923 ஜனவரி 10 அன்று கருவிழிப்படலத்தில் ஒரு துண்டு வெட்டி வழி செய்தார்கள். ஜனவரி 31 அன்று புரையை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் வெட்டுக்குத் தையல் போடுவதில்லை. காயம் தானாக ஒட்ட வேண்டும், அதுவரை தலை அசையக் கூடாது. தலையணை கிடையாது, இரண்டு கண்ணிலும் கட்டு, தலைக்கு இருபுறமும் மணல்மூட்டை, பத்து நாள் மல்லாந்து கிடக்க வேண்டும். வெளிச்சத்தைத் தவிர வேறெதையும் வாழ்நாள் முழுக்கத் துரத்தாத மனிதரை இருட்டில் கட்டிப்போட்டார்கள். அவர் எழ முயன்றார், கட்டைப் பிய்த்தார், திட்டினார். செவிலியர்களுக்கு அது பெரும்பாடாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

காயம் ஆறியது. ஆறுவதற்குள்ளேயே லென்ஸ் இருந்த இடத்தின் பின்சவ்வு மங்கத் தொடங்கியது. ஜூலை 18 அன்று மூன்றாவது முறையாக அதைக் கீற வேண்டியிருந்தது. இன்றைக்கு லேசரில் சில நிமிஷம் ஆகிற காரியம் அது. மொனேவுக்கு அது நம்பிக்கைத் துரோகமாகப்பட்டது. ஜூனில் அவர் மருத்துவருக்கு எழுதிய கடிதம் மிகக் கசப்பானது. இந்த ஆபரேஷனுக்கு ஏன்தான் ஒத்துக்கொண்டேனோ என்ற தொனி. ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது பக்கம் படிக்க முடிகிறது, வெளியே போனால் கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்.

மருத்துவர் பக்கத்திலும் தவறில்லை. குத்தேலா க்ளெமான்சோவுக்கு எழுதுகையில், கிட்டப்பார்வை கிட்டத்தட்ட குறையற்றது, தூரத்துக்குப் பத்தில் மூன்று, நான்கு பங்கு வந்திருக்கிறது, மோசமில்லை, பழக வேண்டும் என்ற பொருளில் எழுதினார். 1923க்கு அது உண்மையிலேயே நல்ல முடிவு. நோயாளி தோல்வி என்கிறார், மருத்துவர் வெற்றி என்கிறார், இருவரும் சொல்வது உண்மை. இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கண்ணாடிச் சீட்டு சொல்வது

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் அப்போது இல்லை. லண்டனில் ஹரால்ட் ரிட்லி அதை முதன்முதலில் செய்தது 1949இல். மொனேயின் காலத்தில் புரை எடுத்த கண்ணுக்குள் லென்ஸ் இருந்த இடம் காலி. அதன் வேலையை மூக்கின் மேல் உட்காரும் தடித்த கண்ணாடிதான் செய்ய வேண்டும். குத்தேலா எழுதிக்கொடுத்த பவர் தூரத்துக்கு +10, படிக்க +14. அதற்குமேல், கண்ணின் வளைவுக் கோணலைச் சரிசெய்யும் சிலிண்டர் பவரும் உண்டு.

இந்த இரண்டு எண்ணையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். லென்ஸ் இல்லாத கண்ணால் தூரம் மாற்றிக் குவிக்க முடியாது. ஒரு கண்ணாடிக்கு ஒரே தூரம்தான் கூர்மை. சிலிண்டரை விட்டுவிட்டு, இந்த இரண்டு வட்டப் பவரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் +10இல் தொலைவு தெளியும். +14இல், அதாவது 4 பவர் கூடுதலில், 25 சென்டிமீட்டர் தெளியும். அது புத்தகம் பிடிக்கிற தூரம். நீளப் பிடியுள்ள தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கான்வாஸ் முன் நிற்கிற ஓவியருக்கு வேண்டியது 65, 70 சென்டிமீட்டர். அதற்கு +11.5 பக்கம் வர வேண்டும். அது எந்தக் கண்ணாடியிலும் இல்லை. பிறகு அவர் நாலைந்து அடி பின்னால் போய் நின்று பார்ப்பார். அந்தத் தூரமும் இரண்டுக்கும் நடுவில்தான். பக்கம் பக்கமாகப் படிக்க முடிந்தவருக்குத் தன் படம் முன்னால் நின்றபோது பார்வை வசப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. சீட்டு, வாசகர் ஒருவருக்கு எழுதப்பட்டிருக்கிறது. வந்தவரோ ஓவியர்.

இத்தனை தடித்த கண்ணாடி வேறு பல தொந்தரவுகளையும் கூட்டிவரும். பொருளைக் கால் பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்குகூடப் பெரிதாகக் காட்டும். நேர்க்கோடு ஓரத்தில் வளையும். பார்வையின் விளிம்பில் வளையம்போல் ஓர் இருட்டு இருக்கும். தலையைத் திருப்பினால் அதற்குள்ளிருந்து பொருள் திடீரென்று குதித்து வெளியே வரும். 4 மீட்டர் அகலமான படத்தின் முன் இடமும் வலமும் நடந்து வேலை செய்கிறவருக்கு அதைவிடத் தொல்லை வேண்டியதில்லை. கொள்ளிடம் போலப் பரந்த படம், குழாய் வழியாகப் பார்க்கிற பார்வை. இன்னொன்று: வலக்கண்ணில் பெரிய பிம்பம், எடுக்காத இடக்கண்ணில் சின்ன பிம்பம். மூளையால் இரண்டையும் ஒட்டவைக்க முடியாது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஆகையால் ஒரு கண்ணை மூட வேண்டும். மூடினால் ஆழம் தெரியாது, தூரிகை நுனி கான்வாஸைத் தொட்டதா இல்லையா என்பது கையில் படும்போதுதான் தெரியும்.

நீலம்

புரை எடுத்த கண்ணில் முதலில் எல்லாம் மஞ்சளடித்தது என்றார். பிறகு எல்லாம் நீலம் என்றார். சிவப்பையும் மஞ்சளையும் காணோம் என்று தவித்தார். அவரைத் திருப்திப்படுத்த முடியாத கிழவர் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது கோபமூட்டுகிறது. ஒரு கண்ணில் புரை எடுத்துவிட்டு வருகிறவரிடம் வெள்ளைக் காகிதத்தைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த கண்ணில் நீலம் தோய்ந்த வெள்ளை, எடுக்காத கண்ணில் பழைய காகிதம். பெரும்பாலானவர்கள் அசந்துபோவார்கள். பழுப்பு வடிகட்டிக்குப் பழகிய மூளை, வடிகட்டி போனபின் வருகிற நீலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறுகிறது. மறுபடி சமன் செய்ய மாதக்கணக்கில் ஆகும். அதற்குமேல், இயற்கை லென்ஸ் தடுத்துவைக்கிற 400 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதாக் கதிரில் கொஞ்சம் லென்ஸ் இல்லாத கண்ணில் நுழையும். மற்றவர்களுக்குத் தெரியாத வெளிர்நீலச் சாயலாக அது தோன்றும். மொனே பொய் சொல்லவில்லை. தன் கண்ணில் பட்டதைத்தான் சொன்னார்.

சாட்சி படத்திலேயே இருக்கிறது. ரோஜாத் தோட்டத்திலிருந்து பார்த்த தன் வீட்டை அவர் 1922க்கும் 1924க்கும் இடையில் பலமுறை வரைந்தார். அவற்றில் சில பாரிஸின் மர்மொத்தான் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரே வீடு, ஒரே இடம். ஒரு படத்தில் வானமும் கூரையும் செடியும் எரிகிற மஞ்சள், சிவப்பு. இன்னொன்றில் குளிர்ந்த நீலமும் ஊதாவும். முதலாவது புரையுள்ள இடக்கண்ணின் பார்வை, மற்றது புரை எடுத்த வலக்கண்ணின் பார்வை என்று கண் மருத்துவர்கள் வாசிக்கிறார்கள். உடல்நிலைக் குறிப்பேட்டை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதியிருக்க முடியாது.

இந்த நிலையில் அவர் என்ன செய்தார் என்பதுதான் கவலைக்குரியது. நீலமாகத் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு, முன்பு வரைந்து முடித்த படங்களைத் திருத்த உட்கார்ந்தார். பிடிக்காதவற்றை அழித்தார். நல்ல படங்களைக் கெடுத்துவிடுவாரோ என்று க்ளெமான்சோ பயந்தார், கடிந்து எழுதினார். 1925 ஜனவரியில் மொனே நாட்டுக்குக் கொடுத்த வாக்கையே திரும்பப் பெற முயன்றபோது அந்த நட்பு முறியும் நிலைக்கு வந்தது. க்ளெமான்சோ மருத்துவம் படித்தவர். இருந்தும், சமன்படாத கண்ணோடு பழைய படத்தில் கைவைக்காதே, புதிய துணியில் விளையாடு என்று மொனேயிடம் அவராலும் அழுத்திச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

திருப்பம்

1924இல் ஓவிய நண்பர் ஆந்த்ரே பார்பியே வழியாக ஜாக் மாவாஸ் என்ற இன்னொரு கண் மருத்துவர் வந்தார். மாவாஸ் புதிதாக அறுவை எதுவும் செய்யவில்லை. கண்ணாடியை மட்டுமே மாற்றினார். ஓரங்களில் உருவம் கோணாமல் இருக்கத் தக்கபடி வடிவமைத்த ஸைஸ் நிறுவனத்து லென்ஸ், அதில் சாயல், இடக்கண் பக்கம் மறைப்பு. மாற்றினார், பார்த்தார், மறுபடி மாற்றினார்.

மர்மொத்தானில் மொனேயின் ஒரு கண்ணாடி இருக்கிறது. வட்டச் சட்டம். வலப்பக்கம் முட்டைபோல் புடைத்த லென்ஸ், மஞ்சள் கலந்த பச்சைச் சாயல். இடப்பக்கம் ஒன்றும் தெரியாதபடி அடைத்த கண்ணாடி. தொழில்முறையில் பார்த்தால் அது ஒரு முழுச் சிகிச்சை. மஞ்சள் சாயல் நீல வெள்ளத்துக்கு அணை. அடைத்த பக்கம் இரட்டைத் தோற்றத்துக்கு முடிவு. வடிவமைத்த லென்ஸ் வளையாத கோட்டுக்கு. கத்தி தொடாத மூன்று குறையையும் இந்த ஒற்றைக் கண்ணாடி தொட்டது. கூடவே இன்னொரு மருந்தும் வேலை செய்தது: காலம். அந்த இரண்டு வருஷத்தில் மூளை தன் வெள்ளையைப் புதிதாகத் தேடிக் கண்டுகொண்டிருந்தது. இரண்டில் எது எவ்வளவு உதவியது என்று பிரிப்பது வீண்.

1925 கோடையில் மொனே பார்பியேவுக்கு எழுதினார். உண்மையான பார்வை திரும்பிவிட்டது, இது இரண்டாம் வாலிபம்போல் இருக்கிறது, வெளியில் நின்று வரைந்துகொண்டிருக்கிறேன் என்று. அப்போது அவர் தன் வீட்டையும் தோட்டத்தையும் வரைந்தார். வயது 84.

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட வேலைமுறை ஒன்று உண்டு. புரை எடுக்கப்போகிற ஓவியர் யாராக இருந்தாலும், தாங்கியில் படத்தை வைத்து வழக்கம்போல் நின்று, கண்ணிலிருந்து கான்வாஸுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று நாடா வைத்து அளந்து எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். இன்று கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்தத் தூரத்தில் கூர்மை வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். அந்த எண்ணை மருத்துவரிடம் அறுவைக்கு முன்பே சொன்னால்தான் பயன். பல தூரம் காட்டுகிற லென்ஸ் வசதியானதுதான், ஆனால் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் நுட்பத்தைச் சற்றுக் குறைக்கக்கூடும், விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் காட்டக்கூடும். மங்கலான சாம்பல்களில் வேலை செய்கிறவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்ள வேண்டும். மஞ்சள் சாயலுள்ள லென்ஸும் உண்டு, சாயலில்லாததும் உண்டு. இரண்டு கண்ணிலும் ஒரே வகை இருப்பது ஓவியருக்கு முக்கியம்.

அறுவைக்குப் பின் முதல் சில வாரம், மருத்துவர் சரி என்னும்வரை, டர்பன்டைன் ஆவி நிறைந்த அறையில் குனிந்து நிற்க வேண்டாம். சொட்டுமருந்து நாள் முடியும் முன் கரித்தூள் பறக்கிற வேலையும் வேண்டாம். சின்னத் துணியில், பழகிய ஒரே பொருளை, இரண்டு கண்ணாலும் தனித்தனியே வரைந்து தேதி போட்டு வைக்கச் சொல்வேன். அதை வரைந்தவரே மூன்று மாதம் கழித்துப் பார்க்கட்டும். பாதியில் நிற்கிற பழைய படங்களை அதுவரை சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இடக்கண்ணில் கத்தி வைக்க மொனே கடைசிவரை சம்மதிக்கவில்லை. 1926 முழுக்க உடல் தளர்ந்தபடியே இருந்தது. முதல் தொகுதியை வண்ணம் காய்ந்தவுடன் அனுப்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் அவர் உயிரோடு இருக்கும்வரை ஒரு படமும் கூடத்தை விட்டுப் போகவில்லை. டிசம்பர் 5 அன்று ஜிவர்னியில் இறந்தார். அடுத்த ஆண்டு மே 17 அன்று பாரிஸின் ஒராஞ்ஜரி அருங்காட்சியகத்தில் இரண்டு நீள்வட்ட அறைகள் திறக்கப்பட்டன. 22 பலகைகள் இணைந்து 8 படங்கள், மொத்த நீளம் 90 மீட்டருக்கு மேல். ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருத்திய நீலம் அவற்றில் இருக்கிறது.